காலடிப்பேட்டை நண்பர்கள் குரூப்: பழைய ஃபோர் பை ஃபோர் எடுக்கலாமா?

கோபி: கைல 6 லட்சம் கீது. செகண்ட் ஹேண்ட்ல ஃபோர் பை ஃபோர், அதான் நாலு சக்கரமும் இழுக்குற வண்டி, ஒண்ணு எடுக்கணும். ஜிப்ஸி, டஸ்டர், ஸ்கார்பியோ... எத பாக்கலாம்?

மூர்த்தி அண்ணன்: 6ஐயும் வண்டிக்கே கொட்டிடாத பா. வண்டிக்கு 5 தாண்டாத. மீதி மொத மாசமே கரையும். 4 டயர், என்ஜின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் சக்கரத்துக்கும் பவர் பிரிச்சு அனுப்புற பெட்டி), முன் பின் டிஃப்ரன்ஷியல் (அச்சு நடுவுல இருக்குற கியர் உருண்டை) எல்லாத்துக்கும் ஆயில். கிளட்ச் தேஞ்சிருந்தா அதுவும்.

ஸ்டெல்லா அக்கா: எதுக்கு வண்டின்னு சொல்லு மொதல்ல. மழைத் தண்ணிக்கா?

கோபி: அதுக்கும்தான் க்கா. டிசம்பர்ல மணலி ரோடு தெரியும்ல. பழவேற்காடு மணல், நாகலாபுரம் மலைப்பக்கம்கூட போவணும்.

ஷபீர்: தண்ணிக்கு ஃபோர் பை ஃபோர் உதவாது. என்ஜின் காத்து இழுக்குற வாய் எவ்ளோ ஒசரத்துல கீதுன்றதுதான் கணக்கு. உள்ள தண்ணி பூந்தா கனெக்டிங் ராடு வளைஞ்சிடும், நாலு சக்கரம் சுத்தி என்ன பிரயோஜனம்? மணலுக்கு ஃபோர் ஹை (நாலு சக்கரமும், சாதாரண வேகம்) போதும், கல்லு ஏத்தத்துக்கு ஃபோர் லோ (வேகம் கம்மி, இழுவை ஜாஸ்தி) வேணும். டஸ்டர்ல லோ கிடையாது. அதுல என்ஜின் வால்வ ஓட்டுற டைமிங் பெல்ட் வேற, மாத்துன பில் இல்லன்னா வாங்குன அன்னைக்கே மாத்து. அறுந்தா வால்வு காலி.

மூர்த்தி அண்ணன்: ஜிப்ஸி எடை கம்மி, மணல்ல பிரமாதம். ஆனா பெட்ரோல் குடிக்கும், கம்பெனி ஏசி கிடையாது, பின்னாடி உக்காந்தா இடுப்பு கழண்டுடும். குடும்பத்தோட போறதுன்னா ஸ்கார்பியோ, 2.2 லிட்டர் எம்ஹாக் டீசல் என்ஜின் வெச்சது.

கோபி: மீஞ்சூர்ல 2012 ஸ்கார்பியோ ஒண்ணு கீது. 5.2 சொல்றான். அடியில புதுசா கருப்பு பெயின்ட், பளபளன்னு.

மூர்த்தி அண்ணன்: அந்தப் பளபளப்புதான் சந்தேகம். கடலோரத்துல ஓடுன வண்டின்னா சேஸ், அதான் அடி ஃப்ரேம், உள்ளேர்ந்து துரு புடிக்கும், மேல கோட்டிங் அடிச்சா கண்ணுக்குத் தெரியாது. ஸ்க்ரூ டிரைவர் பிடியால சேஸ் முழுக்க தட்டிக்கினே போ. கணீர்னு வந்தா இரும்பு கீது, சொத சொதன்னா போச்சு. பாடிய சேஸோட சேக்குற மவுன்ட் உக்கார்ற இடமும் பின் வீல் மேல சேஸ் வளையுற இடமும் ரொம்ப முக்கியம். பின் சீட்டுக்குக் கீழ விரிச்ச மேட்டைத் தூக்கி மோந்து பாரு. காசிமேட்டுல மீன் பெட்டி ஏத்துன வண்டின்னா ஐஸ் தண்ணியே ஃப்ளோரைத் தின்னுருக்கும் 😄

ஷபீர்: வெள்ளத்துல நின்ன வண்டியான்னும் பாரு. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழு, அடியில சேறு கோடு தெரியும். சீட்டு ரெயில் துரு, ஃபியூஸ் பாக்ஸ்ல பச்சை பூத்திருக்கா பாரு. டிஃப்ரன்ஷியல் ஆயில் பால் கலந்த காப்பி மாதிரி இருந்தா உள்ள தண்ணி போயிருக்கு.

கோபி: ஃபோர் பை ஃபோர் வேலை செய்யுதான்னு எப்படி?

ஷபீர்: டேஷ்போர்டுல ஃபோர் பை ஃபோர் லைட்டு எரியுதுன்னு நம்பிடாத. வண்டிய மண்ல நிறுத்து. ஃபோர் ஹை போட்டு நேரா மெல்ல எடு. கீழ ஒர்த்தர் நின்னு பாக்கணும், பின் சக்கரம் மண்ண வாரும்போது முன் சக்கரமும் வாரணும். அப்பால வண்டிய நிறுத்தி, நியூட்ரல்ல ஃபோர் லோ போடு. ஃபர்ஸ்ட் கியர்ல ஆக்சிலேட்டர் தொடாமலே ஊரணும். லைட்டு மினுக்கிக்கினே இருந்தா ஃபோர் பை ஃபோர் மாத்துற ஷிஃப்ட் மோட்டாரோ சுவிட்சோ போயிருக்கும், அந்தக் காச விலைல குறை. தார் ரோட்டுல ஃபோர் ஹை போட்டு மட்டும் திருப்பாத, முறுக்கு ஏறி டிரான்ஸ்ஃபர் கேஸ் செயின் அடி வாங்கும். 4 டயரும் ஒரே சைஸ், ஒரே தேய்மானமா இருக்கணும்.

ஸ்டெல்லா அக்கா: 2012 வண்டிக்கு 2027ல 15 வருஷம் முடியுது. எஃப்சி எடுத்து ஆர்சி புதுப்பிக்கணும், பசுமை வரியும் கட்டணும். அதச் சொல்லியே விலையக் குறை. அரசாங்கத்தோட வாகன் தளத்துல லோன், ஃபைன் பாக்கி பாத்துடு. லோன் முடிஞ்சிருந்தா பேங்க் என்ஓசியும் (பாக்கி இல்லன்ற சான்று), ஆர்சில லோன் பேர நீக்குற ஃபாரம் 35ம் கைல வாங்காம அட்வான்ஸ் குடுக்காத. பேர் மாத்த ஃபாரம் 29, 30. டெல்லி நம்பர் சீப்பா கெடைக்குதுன்னு போயிடாத. அங்க பழைய டீசல் வண்டிக்குக் கெடுபிடி ஜாஸ்தி, அதான் இங்க தள்ளி விடுறாங்க. அந்த ஊர் ஆர்டிஓகிட்ட ஃபாரம் 28 என்ஓசி வாங்கி இங்க திரும்ப வரி கட்டுனா லாபம் எல்லாம் அதுலயே போயிடும்.

கோபி: ஞாயித்துக்கிழமை காலைல போலாமா அண்ணே?

மூர்த்தி அண்ணன்: 7 மணிக்கு. டார்ச்சும், படுத்துப் பாக்க ஒரு பழைய அட்டைப்பெட்டியும் எடுத்துக்கோ. நாங்க வர்றதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணி வெக்காதீங்கன்னு ஓனருக்கு இப்பவே போன் போட்டு சொல்லிடு. சூடான என்ஜின்ல ஸ்டார்ட்டிங் கோளாறு தெரியாது, பானெட் சூடா இருந்தா அப்படியே திரும்பிடலாம்.