1 டிபி ஹார்ட் டிஸ்க்கில் 69 ஜிபி எங்கே போனது?

வெள்ளவத்தைவாசி:
சனிக்கிழமை பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் 1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். அம்மா அப்பாவின் கல்யாண வீடியோ கசட்டைக் கணினிக்கு மாற்றி வைக்கத்தான். வீட்டில் செருகினால் விண்டோஸ் 931 ஜிபி என்கிறது! பெட்டியில் கொட்டை எழுத்தில் 1 டிபி. கடைக்காரர் "ஃபோமட் பண்ணினால் குறையும்" என்கிறார். உண்மையா? திருப்பிக் கொடுக்கவா?

கொட்டாஞ்சேனை அண்ணா:
வேண்டாம் தம்பி, ஒரு பைட்டும் குறையவில்லை. ஃபோமட் அவ்வளவு இடத்தை விழுங்காது. பெட்டியில் கிலோ என்றால் 1000, ஆக 1 டிபி என்பது 1,000,000,000,000 பைட். விண்டோஸ் அதை 1024ஆல் மூன்று தடவை வகுக்கிறது, 931.32 வரும். வகுத்ததோடு நின்றிருந்தால் சரி, அதற்கும் ஜிபி என்றே பெயர் போடுகிறது. அதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம். 1024 கணக்குக்கென்றே கிபிபைட், மெபிபைட் என்ற பெயர்களை 1998இலேயே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் கொடுத்துவிட்டது. டிஸ்க்கை ரைட் கிளிக் செய்து ப்ரொபர்ட்டீஸில் பைட் கணக்கைப் பாருங்கள்.

தெஹிவளை அக்கா:
பழைய 1.44 எம்பி ஃப்ளொப்பி இன்னும் மோசம். 1440ஐ 1024ஆல் பெருக்கினால் 1,474,560 பைட். 1000 கணக்கில் அது 1.47, 1024 கணக்கில் 1.41. இரண்டையும் கலந்தால்தான் 1.44! மேக் கணினி 2009 முதல் 1000 கணக்கில்தான் காட்டுகிறது.

வெள்ளவத்தைவாசி:
பார்த்தேன் அண்ணா, 13 இலக்கம் இருக்கிறது. நன்றி. இன்றிரவே முதல் கசட்டைப் போடுகிறேன்.