பைத்தான்: பயனர் தட்டும் கணக்கை இவால் இல்லாமல் போடுவது எப்படி?

கடைக்கணக்கு:
வணக்கம் நண்பர்களே. ஒரு மளிகைக் கடைக்கு பைத்தான் 3.12-இல் பில் போடும் புரோகிராம் எழுதுகிறேன். தொகைக் கட்டத்தில் 120*3+45 என்று தட்டினால் 405 வர வேண்டும். இவால் (eval: தட்டிய எழுத்தை பைத்தான் கோடாகவே ஓட்டுவது) ஃபங்ஷனில் சரியாக வந்தது. அது ஆபத்து என்கிறார்களே என்று ஏ.எஸ்.டி. (ast: கோடை மரமாகப் பிரித்துக் காட்டுவது) மாட்யூலின் லிட்டரல்_இவாலுக்கு மாற்றினேன். இப்போது வெறும் 405-ஐ வாங்கிக்கொள்கிறது. 120*3 என்றால் வேல்யூ எரர், "மால்ஃபார்ம்ட் நோட் ஆர் ஸ்ட்ரிங்" என்கிறது. இன்னொரு கூத்து: 1,50,000 தட்டினால் எரரே இல்லை, ஆனால் 1, 50, 0 என்று மூன்றாக உடைந்து வருகிறது. 1,50,050 என்றால் சின்டாக்ஸ் எரர்!

வெட்டிக்கோடு:
இவாலிலேயே இருங்க ப்ரோ. பில்டின்ஸைக் (பைத்தானுடன் கூடவே வரும் ஃபங்ஷன்களை) காலி செய்து கொடுத்தால் போதும்.

பழையபாம்பு:
போதாது. பில்டின்ஸ் இல்லாவிட்டாலும் ஒரு வெற்று டியூப்பிளைப் (மதிப்புகளின் வரிசை) பிடித்து, அதன் கிளாஸ், அதற்கு மேலே ஆப்ஜெக்ட், அங்கிருந்து சப்கிளாஸ்கள் என்று ஏறி இறங்கி வேண்டாத இடத்துக்கெல்லாம் போகலாம். அவ்வளவு கெட்டிக்காரத்தனம்கூட வேண்டாம்; 9**9**9**9 (** என்றால் அடுக்கு) என்று தட்டினாலே புரோகிராம் தொங்கிவிடும்.

லிட்டரல்_இவால் எண், ஸ்ட்ரிங், லிஸ்ட், டிக்ட் மாதிரி நேரடி மதிப்புகளை மட்டும்தான் ஏற்கும். 120*3-ஐ பார்சர் (கோடைப் படித்துப் பிரிக்கும் பகுதி) பின்ஆப் நோடாக்கி, அதாவது இரு மதிப்புகளுக்கு இடையிலான கணக்காக்கித் தருகிறது, அது அங்கே செல்லாது. காற்புள்ளி வந்தால் பைத்தானுக்கு அது டியூப்பிள். 000 அதற்கு வெறும் பூஜ்யம். 050 மாதிரி முன்னால் பூஜ்யம் வைத்த எண் பைத்தான் 3-இல் கூடாது. எரர் வந்தது நல்லது, சத்தமில்லாமல் உடைந்த 1,50,000-தான் ஆபத்து.

ஏ.எஸ்.டி. பார்ஸை "இவால்" மோடில் அழையுங்கள். அது எதையும் ஓட்டாது, மரத்தை மட்டும் கையில் கொடுக்கும். அதை ஒரு ரிக்கர்சிவ் (தன்னையே அழைக்கும்) ஃபங்ஷனில் நீங்களே சுற்றி வாருங்கள். கான்ஸ்டன்ட் என்றால் டைப் இன்ட் (முழு எண்) அல்லது ஃப்ளோட்டா (புள்ளி வைத்த எண்) என்று பாருங்கள், இல்லாவிட்டால் யாராவது ஒரு ஸ்ட்ரிங்கை 100 கோடியால் பெருக்கி மெமரியைக் காலி செய்வார்கள். பின்ஆப் என்றால் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல். யூனரி மைனஸும் (-5 மாதிரி) இருக்கட்டும். வேறு எந்த நோடு வந்தாலும் வேல்யூ எரர்.  அடுக்கு (**) வேண்டவே வேண்டாம். அப்புறம், பார்ஸுக்கு முன்பே நீளத்துக்கு வரம்பு வையுங்கள். அடைப்புக்குறியை அளவில்லாமல் அடுக்கினால் பார்சரே திணறும்.

கடைக்கணக்கு:
நன்றி அண்ணா, பெருக்கல் வேலை செய்கிறது. காற்புள்ளியை முதலிலேயே நீக்கிவிடலாமா?

பழையபாம்பு:
கண்ணை மூடிக்கொண்டு நீக்கினால் 1.50-க்குப் பதில் 1,50 தட்டியவருக்கு 150 ரூபாய் பில் வரும். கடைசிப் பிரிவில் மூன்று இலக்கம், அதற்கு முன் இரண்டிரண்டு என்று ரெகெக்ஸில் (எழுத்தின் வடிவத்தைச் சோதிக்கும் விதி) பார்த்துவிட்டு நீக்குங்கள். பைசா வருமென்றால் ஃப்ளோட்டை ஸ்ட்ரிங் ஆக்கி டெசிமலுக்கு (தசமத்தைத் துல்லியமாக வைக்கும் டைப்) மாற்றுங்கள், ஃப்ளோட்டில் 0.1+0.2 சரியாக 0.3 தராது என்று தெரியும்தானே.

கடைக்கணக்கு:
மாற்றிவிட்டேன். 1,50,050 முழுசாக வருகிறது, 1,50-ஐத் திருப்பி அனுப்புகிறது. ரெகெக்ஸில் கோடி வரைக்கும் வைத்திருக்கிறேன், மளிகைக் கடைக்கு அது போதும்.