தாஷ்கண்டில் ஐந்து நட்சத்திர ஹோட்டல்: வயதான பெற்றோருக்காக அந்தச் செலவு தகுமா?

கேள்வி

வணக்கம். வரும் அக்டோபரில் என் அப்பாவையும் அம்மாவையும் உஸ்பெகிஸ்தான் தலைநகரான தாஷ்கண்டுக்கு அழைத்துச் செல்ல இருக்கிறேன். அப்பாவுக்கு வயது 76. 1966 ஜனவரி 11 அன்று லால் பகதூர் சாஸ்திரி அந்த நகரில் காலமான செய்தியை வானொலியில் கேட்டதை இன்றும் சொல்லிக்கொண்டிருப்பவர். அவர் பெயரில் அங்கே ஒரு தெருவும் சிலையும் இருப்பதாக அறிந்த நாளிலிருந்து, ஒருமுறை நேரில் போய் நின்றுவிட்டு வர வேண்டும் என்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. முட்டையும் சேர்க்காத சைவம்.

மொத்தம் ஐந்து இரவுகள். முதல் இரண்டு தாஷ்கண்டில், அடுத்த இரண்டு சமர்கண்டில், கடைசி இரவு மறுபடியும் தாஷ்கண்டில். விமானம் நள்ளிரவைத் தாண்டி 2 மணியளவில் இறங்குகிறது. ஹயாத் ரீஜன்சி, ஹில்டன், லோட்டே ஆகிய மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். ஆனால் அவற்றின் வாடகையில் பாதிக்கும் குறைவாகவே நல்ல சிறு விடுதிகள் கிடைக்கின்றன என்று தெரிந்ததும் மனம் தடுமாறுகிறது. ஆடம்பரத்துக்காக நான் பணம் கொடுக்க விரும்பவில்லை. பெற்றோருக்கு உண்மையிலேயே பயன்படுமானால் தயங்கவும் மாட்டேன். தங்கி வந்தவர்கள் சொல்லுங்கள்.

முதல் மறுமொழி

அன்புள்ள சகோதரிக்கு, வேலை நிமித்தமாக நான் தாஷ்கண்டில் பல முறை தங்கியிருக்கிறேன். சிறு விடுதிகளிலும் இருந்திருக்கிறேன், பெரிய ஹோட்டல்களிலும் இருந்திருக்கிறேன். உங்கள் பயணத்துக்கு, தாஷ்கண்டில் கழிக்கும் மூன்று இரவுகளுக்கும் பெரிய ஹோட்டலையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். அங்கே நீங்கள் காசு கொடுத்து வாங்குவது மெத்தையையோ சரவிளக்கையோ அல்ல. இரவு எந்த நேரத்திலும் விழித்திருந்து, ஆங்கிலத்தில் பேசி, உங்கள் சிக்கலைத் தன் சிக்கலாக எடுத்துக்கொள்ளும் ஒரு வரவேற்பு மேசையை. இளைஞர்களுக்கு அது தேவைப்படாமல் போகலாம். எழுபது வயதைத் தாண்டிய இருவருடன் பின்னிரவில் வந்து இறங்கும் உங்களுக்கு அது தேவைப்படும்.

முதலில் அந்த 2 மணி விமானத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் இடறுவது இங்கேதான். 11ஆம் தேதி அதிகாலை 2 மணிக்கு இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஹோட்டல் கணக்கில் அது 10ஆம் தேதி இரவு. 11ஆம் தேதியிலிருந்து முன்பதிவு செய்திருந்தால், அறை பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் உங்களுக்கு உரியது. அதுவரை அம்மாவைக் கூடத்துச் சோபாவில் உட்கார வைக்க வேண்டியிருக்கும். ஆகவே 10ஆம் தேதியிலிருந்தே பதிவு செய்யுங்கள். இரவு ஒன்று கூடும். அந்தப் பணம் வீண் அல்ல. அதோடு, விமான எண்ணையும் இறங்கும் நேரத்தையும் குறிப்பிட்டு ஹோட்டலுக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை நான் இதைச் செய்யத் தவறினேன். நள்ளிரவு வரை வரவில்லை என்பதால், வராத விருந்தினர் என்று கருதி, முழு முன்பதிவையும் ஒரு விடுதியில் நீக்கிவிட்டார்கள். அன்று நான் தனியாள் என்பதால் சமாளித்தேன். பெற்றோர் உடன் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

விமான நிலையம் நகருக்குள்ளேயே, மையப் பகுதியிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது. பகலில் யாண்டெக்ஸ் செயலியில் வண்டி அழைத்துக்கொள்வது எளிது, மலிவும்கூட. ஆனால் பின்னிரவில் வாசலில் சூழ்ந்துகொள்ளும் ஓட்டுநர்களிடம் பேரம் பேசிக்கொண்டு நிற்பதைவிட, அந்த ஒரு முறைக்கு ஹோட்டல் வண்டியையே வரச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, நகரத்தின் அமைப்பு. 1966 ஏப்ரல் 26 நிலநடுக்கத்தில் பழைய நகரின் பெரும்பகுதி இடிந்துபோன பிறகு, சோவியத் திட்டமிடலில் அகன்ற சாலைகளும் பெரிய பூங்காக்களுமாகத் தாஷ்கண்டை மறுபடி எழுப்பினார்கள். மரநிழல் நிறைந்த அழகிய நகரம்; ஆனால் வரைபடத்தில் அடுத்த தெரு என்று தோன்றுவது நடந்து பார்த்தால் நெடுந்தொலைவாக இருக்கும். சாலையைக் கடக்கப் பல இடங்களில் சுரங்கப்பாதைதான். அதில் இறங்கி ஏறப் படிகள். 1977இல் திறக்கப்பட்ட மெட்ரோவின் நிலையங்கள் ஒவ்வொன்றும் பார்க்க வேண்டியவை, 2018 முதல் படம் எடுக்கவும் தடையில்லை. என்றாலும் அங்கேயும் படிகள் உண்டு. ஆகவே அம்மாவின் முழங்காலுக்கு, மெட்ரோ நிலையம் பக்கத்தில் இருப்பதைவிட, வாசல் வரை வண்டி வந்து நிற்பதும், மின்தூக்கி இருப்பதும், தொட்டிக்குள் கால் தூக்கி வைக்காமல் நேராக நுழைந்து குளிக்கும் வசதி இருப்பதும் முக்கியம். கடைசியாகச் சொன்னது எல்லா அறைகளிலும் இருக்காது. முன்பதிவின்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்று ஹோட்டல்களில் எது என்றால், அப்பாவின் விருப்பத்தை வைத்து முடிவு செய்யுங்கள். லோட்டே இருப்பது 1950களில் எழுந்த பழைய ஹோட்டல் கட்டடம். அதற்கு எதிரே நீரூற்றும் அலிஷேர் நவோயி நாடக அரங்கும். அந்த அரங்கை வடிவமைத்தவர் அலெக்சேய் ஷூசெவ். 1947இல் நிறைவடைந்த அதன் கட்டுமானத்தில் ஜப்பானியப் போர்க்கைதிகளும் உழைத்தார்கள். 1966 நிலநடுக்கத்தைத் தாங்கி நின்றது. மாலையில் அந்த நீரூற்றின் அருகே உட்கார்ந்திருப்பதே பெரியவர்களுக்குப் போதுமான பொழுதுபோக்கு. ஹில்டன் 2021இல் தாஷ்கண்ட் சிட்டி என்ற புதிய வணிகப் பகுதியில் திறக்கப்பட்டது. பூங்கா ஒட்டியே இருக்கிறது, எல்லாம் புதிது, பழைய நகரின் சாயல் மட்டும் அங்கே இல்லை. நவோயி சாலையில் இருக்கும் ஹயாத் 2016இல் திறக்கப்பட்டது. எங்கும் எளிதில் போய்வரலாம். என் தேர்வு லோட்டேதான், எதிரேயுள்ள சதுக்கத்துக்காக. ஆனால் அது பழைய கட்டடம் என்பதால், குளியலறை எப்படி என்று கட்டாயம் விசாரித்துவிடுங்கள்.

இரண்டாம் மறுமொழி

முதல் மறுமொழியில் ஐயா சொன்னவற்றை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே வேறு. 2022 ஜனவரி 25 அன்று கஜகஸ்தான், கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான் மூன்றிலும் ஒரே நேரத்தில் மின்சாரம் நின்றபோது தாஷ்கண்டில் மெட்ரோ வண்டிகள் சுரங்கத்திலேயே நின்றன. மறு ஆண்டு ஜனவரிக் கடுங்குளிரில் எரிவாயுவும் மின்சாரமும் பல வீடுகளுக்குக் கிடைக்கவில்லை. அத்தகைய நாட்களில், சொந்த மின்னாக்கி வைத்திருக்கும் பெரிய ஹோட்டலுக்கும் சிறு விடுதிக்கும் உள்ள வேறுபாடு வாடகை வேறுபாட்டைவிடப் பெரிது. நீங்கள் போவது அக்டோபர் என்பதால் அந்தக் கவலை இல்லை. ‘சில்லா’ என்று அங்கே அழைக்கப்படும், ஜூன் 25 முதல் 40 நாள் நீடிக்கும் கொடும் வெயிலும் அப்போது இருக்காது. ஆகவே நீச்சல் குளத்துக்காகக் கூடுதல் வாடகை தர வேண்டியதில்லை.

சமர்கண்டில் மாறாகச் செய்யுங்கள். ரெஜிஸ்தான் சதுக்கத்துக்கு அருகில் தரைத்தள அறை உள்ள குடும்ப விடுதி ஒன்றைப் பிடியுங்கள். முற்றத்தில் மாதுளை மரத்தடியில் தேநீர் குடிக்கும் சுகம் எந்த நட்சத்திர ஹோட்டலிலும் கிடைக்காது. பெரிய பெட்டிகளைத் தாஷ்கண்ட் ஹோட்டலிலேயே விட்டுச் செல்லுங்கள். திரும்பி வந்து தங்கப் போகும் விருந்தினருக்கு வைத்துக்கொடுப்பார்கள். இதற்காகவே இரு முறையும் ஒரே ஹோட்டலில் தங்குவது நல்லது. அஃப்ரோசியோப் அதிவேக ரயில் 344 கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கடக்கிறது. காலை வண்டியில் போவதானால் சிற்றுண்டி திறக்கும் முன்பே கிளம்ப வேண்டியிருக்கும். முந்தைய இரவே சொல்லி வைத்தால் பொட்டலமாகக் கட்டித் தருவார்கள்.

மூன்றாம் மறுமொழி

அம்மாவின் சாப்பாட்டைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். நானும் முட்டை சேர்க்காத சைவம். தாஷ்கண்டில் ஆறு நாள் இருந்தேன்.

பெரிய ஹோட்டலின் காலைச் சிற்றுண்டி மேசையில் நமக்கு வேண்டியது தாராளமாக இருந்தது. வட்டமான ‘நோன்’ ரொட்டி, தேன், உலர்பழங்கள், பாதாம், அக்ரூட், கஞ்சி, பாலாடை, நீரை வடித்துக் கெட்டியாக்கிய தயிரான ‘சூஸ்மா’ எல்லாம் இருந்தன. தேநீருடன் வைக்கும் ‘நவாத்’ நம் கற்கண்டேதான். அம்மா பார்த்தவுடன் மகிழ்வார். சிக்கல் மதியமும் இரவும்தான். அந்த நாட்டின் பெருமையான ‘ஓஷ்’ புலாவில் இறைச்சியும், பல வேளைகளில் செம்மறிவால் கொழுப்பும் சேரும். இறைச்சித் துண்டுகளை எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று அன்போடு சொல்வார்கள்; அதைச் சைவம் என்றே அவர்கள் மனதார நினைக்கிறார்கள். காய்கறிச் சூப்பிலும் இறைச்சி வேகவைத்த சாறு இருக்கலாம். இறைச்சி இல்லாமல் என்பதற்கு உஸ்பெக்கில் ‘கோஷ்ட்சிஸ்’, ரஷ்ய மொழியில் ‘பெஸ் மியாஸா’. இந்த இரண்டு சொற்களோடு, சாறும் கொழுப்பும்கூட வேண்டாம் என்று ஹோட்டல் ஊழியரிடம் உஸ்பெக்கிலும் ரஷ்ய மொழியிலும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். ஆறு நாளும் அந்தத் தாள்தான் என்னைக் காப்பாற்றியது.

வெளியே பூசணிக்காய் வைத்த சம்சா கிடைக்கும்; தக்காளியும் வெங்காயமும் மெல்லியதாக அரிந்த ‘அச்சிச்சுக்’ மிக நன்றாக இருக்கும். இரவுக்கு நான் செய்தது இது: ஹோட்டல் சமையலறையில் வெறும் சோறு வேகவைத்துத் தரக் கேட்டேன், உடன் ‘கத்திக்’ என்னும் அவர்களுடைய தயிர். நன்றாகக் குழைந்த சோற்றில் அந்தத் தயிரைப் பிசைந்து, உப்புப் போட்டுச் சாப்பிட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த உதவியைச் சிறு விடுதியில் இரவு 9 மணிக்குக் கேட்க முடிந்திருக்காது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்னும் ஒன்று கேட்க வேண்டும். திரையில் காட்டும் டாலர் வாடகைதான் இறுதித் தொகையா? உஸ்பெகிஸ்தானில் வெளிநாட்டவரைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் படித்தேன். அதை யார் செய்வது?

முதல் மறுமொழி தந்தவர்

பல நேரங்களில் இறுதித் தொகை அல்ல, சகோதரி. 12 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியையும் சுற்றுலாக் கட்டணத்தையும் தனியாகச் சேர்ப்பார்கள்; கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டு மூன்று ஹோட்டல்களையும் ஒப்பிடுங்கள். விலையை டாலரில் சொன்னாலும் ரசீது அந்நாட்டு நாணயமான சோமில்தான் வரும். ஒரு டாலருக்குச் சுமார் 12,000 சோம் என்பதால் தொகை பல லட்சங்களில் தெரியும், மிரள வேண்டாம். வந்து சேரும்போது உங்கள் அட்டையில் ஒரு முன்பணத்தைப் பிடித்து வைப்பார்கள். கிளம்பிய பின் அது விடுபடச் சில நாட்கள் ஆகலாம். ஆகவே சமர்கண்ட் செலவுக்கு வேறு அட்டையோ ரொக்கமோ வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவை ஹோட்டலே செய்துவிடும். கடவுச்சீட்டுகளைக் கொடுத்தால் போதும். சமர்கண்ட் விடுதியும் தன் பங்குக்குச் செய்ய வேண்டும், அதைக் கேட்டு உறுதி செய்யுங்கள். பதிவுச்சீட்டு எதுவும் தந்தால் ஊர் திரும்பும் வரை பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி கேட்டவர்

இன்று லோட்டேவுக்கு எழுதிவிட்டேன். முதல் நாளுக்கு முந்தைய இரவிலிருந்து பதிவு, விமான எண், தொட்டி இல்லாத குளியலறை, அம்மாவின் உணவு என நான்கையும் கேட்டிருக்கிறேன். அந்தக் குளியலறை இல்லை என்றால் ஹில்டன். சாஸ்திரி சிலைக்கு இரண்டாம் நாள் காலையில் போகத் திட்டம்; அப்பா எவ்வளவு நேரம் நிற்க விரும்பினாலும் அதன் பிறகு வேறு எதையும் அன்றைக்கு வைத்துக்கொள்ளப் போவதில்லை.