ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் அம்மா எக்சர்சைஸ் பண்ண மாட்டேங்கறாங்க, கோலம்தான் வேணுங்கறாங்க. விடலாமா?

குடந்தைப்பொண்ணு:

வணக்கம். இத்தனை நாள் இங்க படிக்க மட்டும்தான் செஞ்சிருக்கேன், எழுதறது இதான் மொதல் தடவை. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

அம்மாவுக்கு 61 வயசு. புரட்டாசி கடைசில ஒருநாள் விடியக்காலைல வாசல் தெளிச்சுட்டு கோலமாவு டப்பாவ எடுத்திருக்காங்க, கைலேந்து டப்பா நழுவிடுச்சு, குனிஞ்சு எடுக்கப் போனவங்க அப்டியே படில சாஞ்சுட்டாங்க. வாய் ஒரு பக்கம் கோணிடுச்சு. அப்பா ஏதோ மயக்கம்னு நெனச்சு சோடா குடுக்கப் போனாரு, பக்கத்து வீட்டு அண்ணன்தான் அதெல்லாம் வேணாம்னு சொல்லிட்டு உடனே ஆட்டோ புடிச்சாரு. உயிர் பொழைச்சுட்டாங்க. ஆனா வலது கையும் காலும் விழுந்துடுச்சு, பேச்சும் போயிடுச்சு.

இப்ப நாலு மாசம் ஆச்சு. கால் தேவல, வாக்கர் வெச்சு பாத்ரூம் வரைக்கும் அவங்களே போறாங்க. கைல தோள் தூக்க வருது, முழங்கை மடக்க வருது, விரல்தான் வரல. கட்டை விரல் மட்டும் லேசா அசையுது. பிசியோ தம்பி வாரத்துல மூணு நாள் வீட்டுக்கே வர்றாரு, கப்பி கட்டி கயிறு இழுக்கச் சொல்றாரு, கைய நீட்டி மடக்கச் சொல்றாரு, இருபது எண்ணணும். அம்மா நாலு எண்ணறதுக்குள்ள கைய எடுத்து மடில போட்டுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கறாங்க. கெஞ்சியும் பாத்தாச்சு, திட்டியும் பாத்தாச்சு.

அவங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், கோலமாவு டப்பா. கல்யாணம் ஆகி வந்த நாள்லேந்து ஒரு நாள் விடாம அவங்க கையாலதான் வாசல்ல கோலம். மூணு ரூல் நோட்டு நெறைய சிக்குக் கோலம் வரைஞ்சு வெச்சிருக்காங்க, அதுல பாதி அவங்களே யோசிச்சுப் போட்டது, பக்கத்துல போட்ட தேதியும் எழுதிருப்பாங்க. இந்த மார்கழிக்கு வாசல் வெறிச்சுனு இருக்கக் கூடாதுன்னு நான் கடைல ஸ்டிக்கர் கோலம் வாங்கி ஒட்டினேன், அத பாத்துட்டு சத்தமே வராம அழுதாங்க பாருங்க, அன்னிக்கே கிழிச்சுட்டேன்.

இன்னொரு விஷயம். என் பேரே அவங்களுக்கு வாய்ல வர மாட்டேங்குது, தண்ணி வேணும்னா கூட "அது அது"ன்னு கை காட்டறாங்க. ஆனா மார்கழில தெருக்கோயில் மைக்ல திருப்பாவை ஆரம்பிச்சதும் கூடவே முழு பாசுரமும் பாடிட்டாங்க, ஒரு வார்த்தை தப்பல. எனக்கு மேல்லாம் சிலிர்த்துடுச்சு. இது எப்படிங்க?

பெரியப்பா "பொழைச்சதே பெருசு, போட்டு படுத்தாத, உக்காந்து சாப்பிடட்டும்"ங்கறாரு. அத்தை புறா ரத்தம் தடவச் சொல்றாங்க. வராத விரல்ல டப்பாவ குடுத்து, போட முடியாம இன்னும் ஒடஞ்சு போயிடுவாங்களோன்னு எனக்கு பயம். குடுக்கலாமா வேணாமா?

நரம்பும்தசையும்:

வணக்கம் சகோ. நான் பிசியோ, பன்னெண்டு வருஷமா பெரும்பாலும் பக்கவாதம் வந்தவங்களதான் பாக்கறேன். நேர்ல பாக்காம முழுசா சொல்ல முடியாது, வீட்டுக்கு வர்ற தம்பிகிட்ட இத காட்டிட்டு செய்ங்க.

கோலம் குடுங்க. தாராளமா குடுங்க. மூளைல அடிபட்ட எடம் திரும்ப மொளைக்காது, ஆனா சுத்தி இருக்கற நரம்புகள் அந்த வேலைய கொஞ்சம் கொஞ்சமா கத்துக்கும், அதுக்கு பேர்தான் நியூரோபிளாஸ்டிசிட்டி. அது நடக்கணும்னா ஒரே அசைவ நூத்துக்கணக்குல செய்யணும், அதுவும் அவங்களுக்கு தேவைப்படற ஒரு வேலையா இருந்தா இன்னும் நல்லது. சும்மா கயிறு இழுக்கறது யாருக்குங்க பிடிக்கும்? ஒரு சிக்குக் கோலத்துல மணிக்கட்டும் முழங்கையும் எத்தனை வளைவு திரும்புதுன்னு எண்ணிப் பாருங்க, இருபது எண்ண மாட்டேன்னவங்க தன்னால இருநூறு செஞ்சிருப்பாங்க. மொத மூணு மாசத்துலதான் வேகமா தேறும், அதுக்கப்புறம் மெதுவாதான், ஆனா நின்னுடாது. நாலு மாசம் ஆச்சுன்னு கலங்காதீங்க.

ஆனா மொதல்லயே மாவ கைல குடுக்காதீங்க. மாவு எடுத்து கட்டை விரலால ஆள்காட்டி விரல் மேல தேய்ச்சு இழையா விடறோம் இல்ல, அந்த பிடி இருக்கே, கைல கடைசியா திரும்பி வர்ற வேலை அதான், சிலருக்கு வராமலும் போகும். அதனால பெருசுலேந்து சின்னதுக்கு வாங்க. சேர்ல நிமிந்து உக்கார வெச்சு முன்னாடி டேபிள், ஒரு ஈரத்துணி மேல வலது கைய வெச்சு, இடது கையால மேல புடிச்சுக்கிட்டு டேபிள்லயே வளைவு வளைவா தள்ளட்டும், ஈரக்கோடு கோலம் மாதிரியே விழும். அது பழகினதும் தாம்பாளத்துல மெல்லிசா ரவைய பரப்பி அதுல விரலால, விரல் நீட்ட வரலன்னா கை ஓரத்தாலயே இழுக்கட்டும். அப்புறம் சாக்பீஸ், துணி சுத்தி தடியா. மாவு அதுக்கும் அப்புறம். வாசல்ல குனிஞ்சு போடறது இப்ப வேணவே வேணாம், தலை சுத்தி விழுந்தா இடுப்பு ஒடையும்.

இத கவனிங்க: தூக்கி உக்கார வெக்கறப்போ வலது கைய புடிச்சு இழுக்காதீங்க, தோள் மூட்டு எறங்கிடும், அந்த வலி வந்தா கைய தொடவே விட மாட்டாங்க. தூங்கறப்போ கைக்கு கீழ தலகாணி. பிபி நார்மல் ஆயிடுச்சுன்னு நீங்களா மாத்திரைய நிறுத்தாதீங்க, மாத்திரையாலதான் அது நார்மலா இருக்கு. அப்பளம் வத்தல் ஊறுகாய் கொறைங்க, ஒரு நாளைக்கு மொத்தமா 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள்ள. புறா ரத்தத்தால ஒரு பிரயோஜனமும் கிடையாது. அந்த அண்ணன் சோடாவ தடுத்ததுக்கு அவருக்கு ஒரு கும்பிடு போடணும், ஸ்ட்ரோக் வந்த நேரத்துல முழுங்க வராது, நுரையீரலுக்கு போயிடும்.

பாட்டு எப்படின்னு கேட்டீங்க. பேச்சு பெரும்பாலானவங்களுக்கு மூளையோட இடது பக்கம், அம்மாவுக்கு அடிபட்டதும் அந்தப் பக்கம்தான். பாட்டுக்கு வலது பக்கமும் நெறைய ஒதவும், மனப்பாடமா ஊறிப்போனது தனி வழில வரும். இத வெச்சே பேச்சு பயிற்சி குடுக்கற முறை இருக்கு. "தண்ணி வேணும்"ங்கறத ஒரு ராகம் மாதிரி இழுத்து, இடது கையால தொடைல தாளம் போட்டுக்கிட்டே சொல்லச் சொல்லிப் பாருங்க. ஸ்பீச் தெரபிஸ்ட் கெடைச்சா கண்டிப்பா ஒரு தடவை காட்டுங்க.

கண்ணாடி வெச்சும் பண்ணலாம். இடது கை அசையறத கண்ணாடில வலது கையா பாக்க வெச்சா மூளை அத எடுத்துக்கும். நம்ம ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ்ல படிச்ச மூளை ஆராய்ச்சியாளர் வி.எஸ்.ராமச்சந்திரன் 1990கள்ல, கை இழந்தவங்களுக்கு இல்லாத கைல வர்ற வலிக்காக ஆரம்பிச்சது இது, பின்னாடி ஸ்ட்ரோக்குக்கும் வந்துச்சு.

திருப்பூர்க்காரன்:

அக்கா, எங்கப்பா டெய்லருங்க. 54 வயசுல இதே வலது பக்கம்தான் விழுந்துச்சு. ஆறு மாசம் செவுத்த பாத்து படுத்திருந்தாரு, ஒரு வார்த்தை பேசல. பேச்சு வருமுங்க, ஆனா பேச மாட்டாரு. கத்திரிக்கோல் புடிக்காத கைய வெச்சுக்கிட்டு நான் எதுக்குடான்னு ஒரே ஒரு தடவை கேட்டாரு, எனக்கு பதில் தெரியலீங்க.

அப்புறம் ஒரு நாள் அம்மா தலகாணி உறை ஒண்ணு தையல் விட்டுப் போச்சுன்னு கையில தெச்சுட்டு இருந்தாங்க, கோணல் மாணலா. அத பாத்துட்டு இருந்தவரு தாங்க முடியாம எந்திரிச்சு உக்காந்து இடது கையால புடுங்கிட்டாரு. அன்னிக்குத்தான் ஆரம்பம். பவர் மிஷின் பெடல இடது காலுக்கு மாத்திக் குடுத்தோம். துணிய தள்ளறது இடது கை, வலது கை சும்மா மேல வெயிட்டு மாதிரி கெடக்கும். மொதல்ல நேர்கோட்டுத் தையல் மட்டும், அதுவும் பாம்பாட்டம் போகும், பிரிச்சு பிரிச்சு தெப்பாரு. எட்டு மாசம் கழிச்சு மஞ்சப்பை தெக்க ஆரம்பிச்சாரு. கவர்மெண்டு 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பைன்னு கொண்டாந்தாங்கல்ல, அதுக்கப்புறம் கடைக்காரங்களே கேட்டு வந்தாங்க. இப்ப ஒரு நாளைக்கு முப்பது பை.

உண்மைய சொல்லோணும், சட்டை தெக்க வரல. காலர் வைக்க ரெண்டு கை வேணும். அந்த கவலை அவருக்கு இன்னும் இருக்குது, கல்யாண சீசன் வந்தா ஒரு மாதிரி ஆயிருவாரு. ஆனா சுகரு, பிபி எல்லாம் இப்பத்தான் கன்ட்ரோல்ல இருக்குது, ஏன்னா நேரத்துக்கு எந்திரிக்கறாரு, நேரத்துக்கு சாப்பிடறாரு, மிஷின்ல உக்காரோணுமேன்னு மாத்திரைய அவரே கேட்டு வாங்கிப் போடறாரு. முன்ன மாத்திரைய நாக்குக்கு அடியில வெச்சுட்டு துப்பிருவாருங்க.

சார்கோல்விரல்:

டிராயிங் சொல்லித் தர்ற ஆள் நான். சுவீடன்ல தொமாஸ் டிரான்ஸ்ட்ரோமர்னு ஒரு கவிஞர், 1990ல ஸ்ட்ரோக் வந்து பேச்சு கிட்டத்தட்ட போயிடுச்சு, வலது கையும் போயிடுச்சு. பியானோ வாசிக்கறது அவருக்கு உயிர். இடது கைக்குன்னே எழுதின இசைய தேடித் தேடி வாசிச்சாரு, இசையமைப்பாளர்கள் சில பேர் அவருக்காகவே புதுசா எழுதிக் குடுத்தாங்க. கவிதையும் விடல, சின்னச் சின்னதா எழுதினாரு. 2011ல நோபல் பரிசு வந்துச்சு. சாந்திநிகேதன்ல பினோத் பிஹாரி முகர்ஜின்னு ஒரு ஓவியர், 50 வயசுக்கு மேல கண் ஆபரேஷனுக்கு அப்புறம் பார்வை சுத்தமா போச்சு, அதுக்கப்புறமும் தொட்டுப் பாத்து காகிதம் வெட்டி ஒட்டினாரு, 1972ல ஒரு சுவர் முழுக்க டைல்ஸ் வெச்சு சித்திரம் பண்ணாரு. ரெண்டு பேருமே பழையபடி ஆகல. மிச்சம் இருந்தத வெச்சு வேற ஒண்ணு செஞ்சாங்க.

உங்கம்மா நோட்டுல சொந்தமா யோசிச்ச சிக்குக் கோலம் இருக்குன்னீங்களே, அது சாதாரண விஷயம் இல்லைங்க. ஒரே இழை எல்லாப் புள்ளியையும் சுத்தி ஆரம்பிச்ச எடத்துல வந்து சேரணும். சென்னை கிறிஸ்தவக் கல்லூரில கிஃப்ட் சிரோமணியும் அவர் கூட இருந்தவங்களும் 1970கள்ல இத கணக்கா, கம்ப்யூட்டர் இலக்கணமா வெச்சு ஆராய்ச்சி பண்ணாங்க. அந்த கணக்கு அம்மா விரல்ல இல்ல, தலைல இருக்கு. விரல் வரலன்னா நீங்க விரலா இருங்க, அவங்க சொல்லட்டும்.

அடையாறு மருமகள்:

எல்லாரும் நல்லாதான் சொல்றீங்க, நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேன். எங்க மாமியாருக்கு இதே மாதிரி ஆனப்போ ஆர்வக்கோளாறுல பெயிண்ட், பிரஷ் எல்லாம் வாங்கிக் குடுத்து, அவங்க கை நடுங்க நடுங்க வரையறத வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டோம், சொந்தக்காரங்க எல்லாம் கைதட்டி எமோஜி போட்டாங்க. மறுநாள்லேந்து பிரஷ்ஷ தொடல. ஆறு மாசம் கழிச்சு சொன்னாங்க, "என் நடுக்கத்த ஊரே பாத்துச்சேடி"ன்னு. இன்னிக்கும் அந்த வார்த்தை என்ன குத்துது. அம்மா போடறத யாருக்கும் காட்டாதீங்க, பெரியப்பாவுக்கு கூட. அவங்களே கூப்பிட்டுக் காட்டினா ஒழிய.

அப்புறம் அழுகை. ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல சுமார் மூணுல ஒருத்தருக்கு டிப்ரஷன் வரும்னு டாக்டர் எங்ககிட்ட சொன்னாரு. சிலருக்கு துக்கமே இல்லாம அழுகை தானா வரும், அதுவும் மூளைல அடிபட்டதாலதான். ரெண்டுக்கும் மருந்து இருக்கு, அடுத்த தடவை போறப்போ மறக்காம சொல்லுங்க. கோலத்தாலயே எல்லாம் சரியாயிடும்னு விட்டுடாதீங்க.

நீ ராத்திரி தூங்கறியாம்மா? உன் போஸ்ட் விடியக்காலை 3 மணிக்கு போட்டிருக்க. வாரத்துல ஒரு நாளாவது அப்பாவ பக்கத்துல படுக்கச் சொல்லு.

குடந்தைப்பொண்ணு:

மூணு வாரம் கழிச்சு வரேன், எல்லாருக்கும் கோடி நன்றி. டாக்டர்கிட்ட அழுகை விஷயம் சொன்னேன், மாத்திரை சேத்திருக்காரு. ஞாயித்துக்கெழம ராத்திரி அப்பா பாத்துக்கறாரு அக்கா, ஆறு மணி நேரம் தூங்கினேன்.

ஈரத்துணி ஒரு வாரம் பண்ணாங்க, ரொம்ப ஆர்வம் இல்ல. தாம்பாளத்துல ரவைய பாத்ததும்தான் மூஞ்சி மாறிச்சு. அம்மா நோட்ட வெச்சு நானே நேர்ப்புள்ளி அஞ்சுக்கு அஞ்சு வெச்சேன். கொஞ்ச நேரம் உத்துப் பாத்தாங்க, தாம்பாளத்த இடது கையால ஒரு உலுக்கு உலுக்கி மொத்தத்தையும் அழிச்சுட்டாங்க. கோபம்னு நெனச்சேன். இல்ல, நான் வெச்ச புள்ளி வரிசை ஒண்ணு கோணல். திரும்ப வெச்சேன், திரும்ப அழிச்சாங்க. நாலாவது தடவை தலையாட்டினாங்க. அப்புறம் வலது கைய தாம்பாளத்து மேல தூக்கி வெக்கச் சொல்லி சைகை, சுண்டு விரல் பக்கத்தாலயே இழுத்தாங்க. ரெண்டு புள்ளிய சுத்தி ஒரு வளைவு, அவ்வளவுதான், தடிமனா வாய்க்கால் வெட்டின மாதிரி இருந்துச்சு, நெத்தில வேர்த்துடுச்சு அவங்களுக்கு. மீதிய இடது விரலால காட்டினாங்க, நான் போட்டேன். நடுவுல ஒரு எடத்துல நான் தப்பான பக்கம் திரும்பப் போக "ம்ஹும்"னு ஒரே அதட்டு, சின்ன வயசுல கேட்ட அதே அதட்டு. இழை ஆரம்பிச்ச எடத்துலயே வந்து முட்டிச்சு. இப்ப தினம் காலைல ஆறு மணிக்கு தாம்பாளம் வேணும். பிசியோ தம்பி வர்ற நாள்ல அவரும் புள்ளி வெக்கறாரு, அவருதையும் அழிக்கறாங்க. கயிறு இப்பவும் வேணாம்தான்.

ஒரு சந்தேகம், ரவைல எறும்பு வந்துடுது, என்ன பண்றது? நேத்து நான் தட்டிக் கொட்டப் போனேன், அம்மா தாம்பாளத்த மறைச்சுக்கிட்டு விடவே இல்ல. அப்புறம் அப்பாவ கூப்பிட்டு அத அப்டியே வாசப்படில வெக்கச் சொன்னாங்க.

நரம்பும்தசையும்:

அந்த ரவைய எறும்புக்கே விட்டுடுங்க சகோ, தினம் புதுசா ரெண்டு பிடி போடுங்க. சாக்பீஸ் ஆரம்பிக்க இன்னும் ரெண்டு வாரம் போகட்டும்.