சைலோசைபின் காளான்கள்: எல்லாமே சாணத்தில்தான் முளைக்குமா?

வேர்நுனி:
சைலோசைபின் காளான் (மாயத்தோற்றம் தரும் சைலோசைபின் என்ற சேர்மம் உள்ள காளான்) என்றாலே மாட்டுச்சாணத்தில் முளைப்பது என்றுதான் பல இடங்களில் படிக்கிறேன். ஆனால் ஐரோப்பிய இனங்களுக்குப் புல்வெளி, அமெரிக்காவில் ஒன்றுக்குக் கடற்கரை மணல்மேடு என்றும் வருகிறது. சைலோசைபி என்ற ஒரே பேரினத்துக்குள் எப்படி இவ்வளவு வேறுபாடு?

இழைதேடி:
காளான் எங்கே நிற்கிறது என்பதை விடுங்கள். மண்ணுக்குள் அதன் இழை எதைத் தின்கிறது என்று பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சாணத்தில் வருவது கியூபென்சிஸ் என்ற இனம். 1906இல் கியூபாவிலிருந்து விவரிக்கப்பட்டது, வெப்பமண்டல மேய்ச்சல் நிலங்களில் பரவலாக உண்டு. அதிகம் பேசப்படுவது அதுதான் என்பதால் மற்ற இனங்களையும் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது செமிலான்சியேட்டா. ஐரோப்பாவின் ஈரப் புல்வெளிகளில், இலையுதிர்காலத்தில், கூர்முனைத் தொப்பியோடு நிற்கும். ஆடுமாடு மேயும் இடம்தான், ஆனால் சாணத்தின் மேல் நேரடியாக முளைக்காது. மக்கும் புல்வேர்களே அதன் உணவு. மேய்ச்சல் நின்று, உழுது வேறு பயிர் வைத்தால் அதற்கு அங்கே வாழ்வில்லை. பழைய புல்வெளிகளைக் காப்பாற்றச் சொல்ல எனக்கு இது ஒன்றே போதும்.

சயனெசென்ஸ் மரத்தை மக்கவைக்கும் இனம். 1946இல் பூஞ்சையியலாளர் எல்சி வேக்ஃபீல்டு அதை விவரித்தது லண்டன் கியூ தோட்டத்து மாதிரிகளை வைத்துத்தான். இன்றும் பூங்காக்களில் பரப்பிய மரச்சில்லுகளில் கூட்டமாக வருகிறது. நீங்கள் சொன்ன மணல்மேட்டு இனம் அசூரெசென்ஸ். கொலம்பியா ஆறு கடலில் சேரும் பகுதியில், புல்லுக்கு நடுவே புதைந்த மரத்துணுக்குகள்தான் அதற்கு உணவு, மணல் அல்ல. மெக்சிகோவின் செருலெசென்ஸ் மண் சரிந்த இடங்களில் வரும்.

பச்சிலை:
இந்தக் காளான்கள் கசக்கினால் நீலமாகும் என்பதை வைத்து அடையாளம் காணலாமா?

இழைதேடி:
அதை மட்டும் நம்பவே கூடாது. சைலோசைபின் முதலில் சைலோசினாக மாறி, அது ஆக்சிஜனேற்றம் அடைந்து ஒன்றோடொன்று இணைவதால் அந்த நீலம் வருகிறது. 2019இல் தெளிவான வேதியியல் இது. ஆனால் சில பொலீட்டஸ் காளான் வகைகளும் வேறு சேர்மங்களால் நீலமாகும். அப்புறம், அதே மரச்சில்லுகளில் கலெரினா மார்ஜினாட்டா என்ற நச்சுக்காளானும் வளரும். அதிலுள்ள அமாடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலை அழிக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு தொடங்கவே பல மணி நேரமாகும், நடுவில் குணமானது போலவும் தோன்றும். படத்தோடு ஒப்பிட்டு எதையும் வாயில் வைக்காதீர்கள்.

சிதல்துளி:
வேர்நுனி கேள்விக்கு ஒரு சேர்க்கை. சைலோசைபினை உருவாக்கும் மரபணுக்கள் நெருங்கிய உறவில்லாத காளான்களுக்கு இடையே கொத்தாகவே தாவியிருப்பதாக 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. சாணமும் உளுத்த மரமும் பூச்சிகள் நிறைந்தவை. காளானைத் தின்னும் பூச்சிகளை அந்தச் சேர்மம் தடுமாற வைத்திருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் ஊகம்.