பழைய பிஎஸ்பி, மூணு டாக்டிக்ஸ் கேம்: எதுல ஆரம்பிக்கலாம்?

தோட்டத்து_கவி:

வணக்கம். சுங்கை சிப்புட் டவுன்ல ஒருத்தர் பழைய பிஎஸ்பி 3000 (சோனி கையடக்க கேம் மெஷின்) விக்கிறார். கூடவே மூணு யூஎம்டி (பிஎஸ்பி கேம் தகடு) தர்றார், எல்லாம் கட்டத்துல ஆளை நகர்த்திச் சண்டை போடுற கேம்: ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸ் வார் ஆஃப் தி லயன்ஸ், டாக்டிக்ஸ் ஓகர், டிஸ்காயா முதல் பாகம். மூணுமே முதல்ல வேற மெஷின்ல வந்து, பிறகு கையடக்கத்துக்கு மாத்தினதுன்னு தெரியும்.

ஈப்போவுல ஷிப்ட் வேலை. ஃபேக்டரி பஸ்ல போக நாப்பது நிமிஷம், வர நாப்பது நிமிஷம், அதுதான் விளையாடுற நேரம். எஸ்டேட் உள்ள நுழைஞ்சா போன் லைன் ஒரு கோடுதான், அதனால ஆன்லைன் கேட்கிற கேம் ஆகாது. சண்டை பாதியில இருக்கும்போது எஸ்டேட் கேட் வந்துட்டா என்ன செய்யிறது? இதே கேம் ஹேண்ட்போன்லயும் புது மெஷின்லயும் இருக்கே, பழசை வாங்கிறது வீணா? இங்கிலீஷ் எவ்வளவு கஷ்டம்? கதை புரியாம கட்டத்துல ஆளை மட்டும் நகர்த்திக்கிட்டு இருக்க எனக்குப் பிடிக்காது. காசு கொடுக்கிறதுக்கு முன்ன மெஷின்ல என்ன பாக்கணும்னும் சொல்லுங்க அண்ணன்மாரே.

மூணாம்_கட்டம்:

தம்பி, இந்த வகை கேம்ல போர்ட் (வேற மெஷினுக்கு மாத்தின பதிப்பு) நல்லதா இல்லையான்னு படத்தைப் பாத்து முடிவு பண்ணாதீங்க. ஒரு சண்டை எவ்வளவு நேரம் இழுக்குது, எங்க நிறுத்தலாம், விதியில எதை மாத்திட்டாங்க, இதைத்தான் பாக்கணும்.

உங்க பஸ் நேரத்துக்கு ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸ்தான் முதல்ல. பெரும்பாலான சண்டையில நம்ம பக்கம் அஞ்சு பேருக்கு மேல இறங்க மாட்டாங்க, அதனால ஒரு பயணத்துக்குள்ள ஒரு சண்டை முடிஞ்சிடும். முடியலைன்னா பவர் சுவிட்சை மேல ஒரு தள்ளு தள்ளி விட்டுடுங்க, ஸ்லீப் மோடுக்குப் போயிடும். சில வினாடி பிடிச்சுக்கிட்டே இருந்தா முழுசா அணைஞ்சிடும், சண்டையும் போயிடும். அந்த வித்தியாசம் விரலுக்குப் பழகணும். ஸ்லீப்ல இருக்கிறப்போ கேம் மெமரியிலதான் நிக்குது. பேட்டரி சுத்தமா தீர்ந்தா அதுவும் போச்சு. அதனால ரெண்டு கோடு பேட்டரி இருக்கிறப்பவே சார்ஜ் போட்டுடுங்க.

மூலம் பிளேஸ்டேஷன்ல 1997. பிஎஸ்பிக்கு 2007-ல வந்தப்போ கார்ட்டூன் மாதிரி வரைஞ்ச காட்சிகள், டார்க் நைட், ஆனியன் நைட்னு ரெண்டு புது ஜாப் (ஆளுக்குக் கொடுக்கிற போர்த் தொழில்), பால்தியர், லூசோ ரெண்டு ஆள், முழுசா திருத்தி எழுதின இங்கிலீஷ், இவ்வளவும் சேத்தாங்க. கெட்டுப்போனது வேகம். மந்திரம் போடுறப்போ, சில திறமை காட்டுறப்போ அசைவு இழுத்து இழுத்துத்தான் ஓடும். மெஷினைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை, கோளாறு போர்ட்டுக்குள்ளயே இருக்கு. செயலியை 333 மெகாஹெர்ட்ஸுக்கு ஏத்தினாலும் முழுசா தீராது.

ஹேண்ட்போன் பதிப்பு ஐபோனுக்கு 2011, ஆண்ட்ராய்டுக்கு 2015. அதுல இந்த இழுவை இல்லை. ஒரே தடவை காசு, காச்சா கீச்சான்னு காசு கட்டிக் குலுக்குற வேலை எதுவும் கிடையாது. பிஎஸ்பியில பக்கத்துல இன்னொரு மெஷின் இருந்து ரெண்டு பேரா ஆடினாத்தான் கிடைக்கிற சாமான்களை ஹேண்ட்போன்ல தனியா ஆடுறவங்களுக்கும் கிடைக்கிற மாதிரி வச்சிட்டாங்க. எஸ்டேட்டுல இன்னொரு பிஎஸ்பிக்காரரைத் தேடி எங்க போறது? ஆனா குலுங்குற பஸ்ல விரலால சின்னக் கட்டத்தைத் தொடுறப்போ பக்கத்துக் கட்டம் பிடிச்சிடும். ஒரு கட்டம் தப்பினா ஒரு ஆள் சாகிற கேம் இது. அந்த ஒரு காரணத்துக்காகவே பட்டன் உள்ளதை வாங்குங்கன்னு சொல்வேன்.

இதே கேமோட புதுப் பதிப்பா 2025 செப்டம்பர் 30-ல வந்த தி இவாலிஸ் குரோனிக்கிள்ஸ் ஸ்விட்ச்லயும் பிசியிலயும் இருக்கு. தானா சேவ் ஆகுது, வேகத்தைக் கூட்டலாம், அடுத்து யார் முறைன்னு வரிசையா காட்டுது, குரல் இருக்கு. ஆனா பிஎஸ்பியில சேத்த டார்க் நைட், ஆனியன் நைட், பால்தியர் அதுல வரலை. அவங்க வேணும்னா நீங்க சொன்ன யூஎம்டிதான், இல்லைன்னா ஹேண்ட்போன். டார்க் நைட் சும்மா கிடைக்காது: நைட், பிளாக் மேஜ் ரெண்டையும் முழுசா கத்து முடிக்கணும், டிராகூன், சாமுராய், நிஞ்சா, ஜியோமேன்சர் நாலும் லெவல் 8, அந்த ஆளே 20 எதிரியை வீழ்த்தியிருக்கணும்.

இப்ப ஒரு பெரிய எச்சரிக்கை. மூணாம் அத்தியாயக் கடைசியில ரியோவானெஸ் கோட்டை வரும். வாசல்ல ஒரு சண்டை, உள்ள கதாநாயகன் ராம்சா தனியா வீக்ராஃப்ங்கிற எதிரியோட மோதுறது, உடனே பெலியாஸ்ங்கிற அரக்கன், பிறகு கூரை மேல ஒன்னு. நடுவுல சேவ் பண்ணவான்னு கேட்கும், ஆனா பிஎஸ்பியில உலக வரைபடத்துக்குத் திரும்ப வழி இல்லை. ஒரே இடத்துல சேவ் போட்டுக்கிட்டு வந்தவங்க பலவீனமான ராம்சாவோட அங்க மாட்டி, முப்பது மணி நேர ஆட்டத்தைத் தூக்கிப் போட்டிருக்காங்க. கோட்டைக்குள்ள போறதுக்கு முன்ன ஒரு சேவ், உள்ள கேட்கிறது வேற இடத்துல.

ராம்சாவுக்கு கெமிஸ்ட் ஜாப்ல ஆட்டோ-போஷன் கத்துக்கொடுங்க, 400 ஜேபி (திறமை கத்துக்கச் செலவாகிற புள்ளி). அடி விழுந்ததும் தானா மருந்து குடிப்பான். எத்தனை தடவை வேலை செய்யும்கிறது அவனோட பிரேவ் (துணிச்சல்) எண்ணைப் பொறுத்தது, பிரேவ் 70 இருந்தா நூத்துக்கு எழுபது. பையில இருக்கிறதுலயே மட்டமான மருந்தைத்தான் முதல்ல எடுப்பான். சாதா போஷன் 30 ஏத்தும், ஹை-போஷன் 70, எக்ஸ்-போஷன் 150. அதனால மட்டமானதை எல்லாம் வித்துட்டு நல்லதை மட்டும் வச்சிருங்க. லெவலை மட்டும் கண்டபடி ஏத்தாதீங்க: வழியில திடீர்னு வர்ற எதிரிங்க உங்க லெவலுக்கு ஏத்த மாதிரி வளருவாங்க, கதைச் சண்டையில வர்றவங்க பெரும்பாலும் நிலையான லெவல். லெவலை விட ஜேபிதான் முக்கியம்.

பீடோர்_வாசு:

அண்ணன் சொன்னதுல ஒன்னு மட்டும் எனக்கு ஒத்துவரலை. பாதியில நிறுத்துறதுதான் பிரச்சனைன்னா டாக்டிக்ஸ் ஓகர்தான் முதல்ல வரணும். சண்டை நடுவுலயே சேவ் பண்ணலாம், ஸ்லீப் மோடை நம்பி உட்கார வேண்டியதில்லை. இதுல நம்ம பக்கம் பன்னண்டு பேர் வரைக்கும் இறங்குவாங்க, ஒரு சண்டை ஒரு மணி நேரம் ஓடினாலும் ஆச்சரியமில்லை. ஆனா எஸ்டேட் கேட் வந்தா சேவ் போட்டு மூடிடலாம், மறுநாள் அதே அடியிலேர்ந்து தொடரலாம்.

சாரியட் கார்டுன்னு ஒன்னு இருக்கு, 50 டர்ன் வரைக்கும் பின்னால போகலாம். நகர்த்தி, திரும்பிப் போய், வேற மாதிரி நகர்த்திப் பாக்கலாம். அதைப் பயன்படுத்தக் கூச்சப்படாதீங்க. உயரம், திசை, அடுத்தவன் முறை எப்ப வருதுன்னு எல்லாத்தையும் கத்துக்கிறதுக்கு அதைவிட நல்ல வழி கிடையாது.

பிஎஸ்பி பதிப்போட குறை லெவல் முறை. ஆளுக்கு லெவல் இல்லை, ஜாப்புக்குத்தான் லெவல். நைட் ஜாப் லெவல் 12-னா எந்த நைட்டும் 12. கேக்க நல்லா இருக்கும். ஆனா ஆட்டம் பாதி தாண்டி ஒரு புது ஜாப் கிடைச்சா அது லெவல் 1-லதான் தொடங்கும், எதிரில நிக்கிறவன் லெவல் 15. எல்லாரையும் ஒரே நேரத்துல புது ஜாப்புக்கு மாத்தினா அன்னைக்கே தோல்விதான். ஒருத்தரை மட்டும் மாத்தி, பின் வரிசையில நிறுத்தி, கல்லோ மருந்தோ எறிய வைங்க. அனுபவப் புள்ளி சண்டை முடிவுலதான் பங்காகும், அதனால உயிரோட கடைசி வரை நின்னாலே போதும், நாலஞ்சு சண்டையில மத்தவங்களை எட்டிப் பிடிச்சிடும்.

ஆயுதம் செய்யிறதும் ஒரு தலைவலி. ஒவ்வொன்னா செய்யணும், தோத்துப் போற வாய்ப்பும் உண்டு, தோத்தா சாமான் போச்சு. செய்யிறதுக்கு முன்ன சேவ் போட்டுடுங்க.

2022 நவம்பர் 11-ல வந்த ரீபார்ன் பதிப்புல இதையெல்லாம் திருத்திட்டாங்க. ஆளுக்கு ஆள் லெவல், ஆயுதம் செய்யிறது தோக்காது, முழுக் குரல். பதிலுக்கு மொத்தப் படைக்கும் ஒரு லெவல் உச்சவரம்பு வச்சாங்க, கதை நகர்ந்தாத்தான் அது உயரும். பயிற்சி எடுத்து எடுத்து பலமாகி அடிக்கிறதுதான் உங்க ஆட்டம்னா ரீபார்ன்ல அந்த வேலை நடக்காது, பிஎஸ்பி பதிப்புல நடக்கும். இன்னொன்னு, ரீபார்ன்ல பழைய புள்ளிப் படத்தை வழவழன்னு தேய்ச்சிட்டாங்க. சின்னத் திரையில அந்தப் புள்ளிகள் கூர்மையா இருக்கிறதே அழகு.

இங்கிலீஷ் பத்தி: டாக்டிக்ஸ் ரெண்டுமே பழைய காலத்து நாடக நடை. கஷ்டம்தான், மறைக்கலை. ஆனா ரெண்டுலயும் உதவி உள்ளயே இருக்கு. டாக்டிக்ஸ் ஓகர்ல மெனுவுல வாரன் ரிப்போர்ட், டாக்டிக்ஸ்ல குரோனிக்கிள். யார் எந்த வம்சம், யாரோட மகன், நேத்து என்ன நடந்ததுன்னு சின்னச் சின்னக் குறிப்பா இருக்கும். ஒவ்வொரு பெரிய காட்சி முடிஞ்சதும் அதைத் திறந்து படிச்சா கதை கை நழுவாது. வசனம் பெரும்பாலும் பட்டன் அழுத்தினாத்தான் நகரும், அவசரமே இல்லை.

டிஸ்காயா கடைசியா வச்சுக்கங்க. கதை லேசு, இங்கிலீஷும் லேசு, ஆனா நேரத்தை முழுங்கும். ஐட்டம் வேர்ல்டுக்குள்ள (ஒவ்வொரு பொருளுக்குள்ளயும் இருக்கிற மாடி மாடியான உலகம்) போனா உள்ள சேவ் கிடையாது, பத்து மாடி ஏறினாத்தான் வெளிய வர வழி திறக்கும். மிஸ்டர் ஜென்சிஸ் எக்ஸிட்ங்கிற சாமான் கையில ஒன்னு எப்பவும் இருக்கணும், அது இருந்தா எந்த மாடியிலேர்ந்தும் வெளிய வந்துடலாம். நாப்பது நிமிஷ பஸ்ல பத்து மாடி முடிப்போம்னு நம்பிப் போகாதீங்க.

சால்டரிங்_சேகர்:

மெஷின் பத்தி நான் சொல்றேன். முதல்ல பேட்டரியைக் கழட்டி மேசை மேல வச்சு விரலால சுத்திப் பாருங்க. தட்டையா இருந்தா நகராது. பம்பரம் மாதிரி சுத்தினா வயிறு உப்பிடுச்சுன்னு அர்த்தம், அதைத் திரும்பப் போடாதீங்க, குத்தவும் கூடாது. பின் மூடி சரியா பொருந்தாம மேல தூக்கிக்கிட்டு இருந்தாலும் அதே கதைதான். 3000-க்கு உள்ளது 3.6 வோல்ட், 1200 எம்ஏஎச். அதே அளவுல 3600 எம்ஏஎச்னு எழுதின பேட்டரியை நம்பாதீங்க, அந்த மூடிக்குள்ள அவ்வளவு அடங்காது. பேட்டரி இல்லாம சார்ஜர்ல மட்டும் கூட மெஷின் ஓடும், அதனால பேட்டரி செத்திருக்குங்கிற ஒரே காரணத்துக்காக மெஷினை ஒதுக்க வேண்டாம். விலையைக் குறைச்சுக் கேளுங்க.

சார்ஜர் 5 வோல்ட், முனை 4.0 மில்லிமீட்டர் வெளி, 1.7 உள். அந்த முனை வச்ச யூஎஸ்பி வயர் கிடைக்கும், பவர் பேங்க்ல சொருகி பஸ்லயே சார்ஜ் போடலாம். இடி மழை நேரத்துல சுவர் பிளக்குல விட்டு வைக்காதீங்க. டபிள்யூலேன் (வைஃபை) சுவிட்ச் ஆஃப்ல இருக்கட்டும், இந்த மூணு கேமுக்கும் அது தேவையில்லை, பேட்டரியைத்தான் தின்னும்.

யூஎம்டியைத் திருப்பி உள்ள தெரியிற தகட்டுல பூஞ்சை, கீறல் பாருங்க. பெட்டி விளிம்பு பிளந்து கண்ணாடி பிளாஸ்டிக் ஆடினா மெஷின் உள்ள சிக்கும். முக்கியமா தகட்டு எண்ணோட தொடக்க எழுத்தைப் பாருங்க: யூஎல்யூஎஸ் அமெரிக்கா, யூஎல்இஎஸ் ஐரோப்பா, ரெண்டும் இங்கிலீஷ். யூஎல்ஜேஎம், யூஎல்ஜேஎஸ் ஜப்பான். பிஎஸ்பி கேமுக்கு நாட்டுப் பூட்டு இல்லாததால ஜப்பான் தகடும் ஜம்முனு ஓடும், ஆனா ஒரு எழுத்தும் படிக்க முடியாது. கடைக்காரர் டைட்டில் திரை வரைக்கும் காட்டி நிறுத்துவார். புது ஆட்டம் தொடங்கி முதல் சண்டை வரைக்கும் ஓட விடச் சொல்லுங்க, லென்ஸ் தேய்ஞ்சிருந்தா அங்கதான் திணறும்.

மெமரி கார்டுக்குப் பெருசா செலவு வேண்டாம். இந்த கேம்களோட சேவ் சின்னது, பழைய ஒரிஜினல் 1 ஜிபி தாராளம். மைக்ரோ எஸ்டி போடுற அடாப்டர் வாங்கினா கணினியில ஃபார்மட் பண்ணாதீங்க, பிஎஸ்பி செட்டிங்ஸ் உள்ளயே பண்ணுங்க.

தோட்டத்து_கவி:

ரொம்ப நன்றி அண்ணன்மாரே. தகட்டைப் பாத்தேன், டாக்டிக்ஸ் ரெண்டும் யூஎல்யூஎஸ், டிஸ்காயா ஜப்பான் தகடு. டிஸ்காயாவைக் கழிச்சிட்டு விலை பேசுறேன். இன்னும் ஒன்னே ஒன்னு: மெஷின் ஒருநாள் செத்துட்டா என் சேவ்? அதை ஹேண்ட்போன் பதிப்புக்கு மாத்த முடியுமா?

சால்டரிங்_சேகர்:

கடையில விக்கிற ஹேண்ட்போன் பதிப்புக்கு மாத்த முடியாது, அது தனி கேம், தனி சேவ். ஆனா இன்னொரு பிஎஸ்பிக்கு அப்படியே போகும். யூஎஸ்பி வயரால கணினியில சொருகி, பிஎஸ்பி மெனுவுல யூஎஸ்பி இணைப்பைத் திறந்தா கார்டு தெரியும். பிஎஸ்பின்னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள சேவ்டேட்டா. அந்த சேவ்டேட்டாவை முழுசா காப்பி எடுத்துடுங்க, ஒவ்வொன்னா பொறுக்க வேண்டாம். உள்ள இருக்கிற ஃபோல்டர் பேர் தகட்டு எண்ணுலதான் தொடங்கும். அதனாலதான் அமெரிக்கத் தகட்டுல போட்ட சேவ் ஐரோப்பியத் தகட்டுல தெரியாது. நாளைக்கு யூஎம்டி உடைஞ்சு வேற வாங்கினா அதே யூஎல்யூஎஸ் பாத்து வாங்குங்க. மாசம் ஒரு தடவை காப்பி எடுங்க, ரியோவானெஸுக்கு முன்ன கண்டிப்பா எடுங்க. காப்பி முடிஞ்சதும் யூஎஸ்பி மோடை விட்டு வெளிய வந்த பிறகே வயரைப் பிடுங்கணும், எழுதிக்கிட்டு இருக்கிறப்போ இழுத்தா கார்டுல இருக்கிற சேவ் எல்லாம் போயிடலாம்.