மாசாய் மாரா சஃபாரிக்கு கேனன் 1500டி போதுமா? லென்ஸ் விஷயத்தில் உதவி தேவை

வேளச்சேரிவாசி:
வணக்கம். ஆகஸ்ட் கடைசியில் நானும் மனைவியும் கென்யா போகிறோம், அதில் அதிக நாள் மாசாய் மாராவில்தான். வில்டபீஸ்ட் என்ற காட்டு மான் கூட்டம் ஆற்றைக் கடப்பதை நேரில் பார்க்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் நீண்ட நாள் ஆசை. கையில் இருப்பது கேனன் 1500டி, கூடவே வந்த 18-55 மிமீ லென்ஸ், அப்புறம் 55-250 எஸ்டிஎம் லென்ஸ். கேட்ட இடத்திலெல்லாம் 250 பத்தாது, 600 இல்லாமல் போகாதே என்கிறார்கள். சிக்மா 150-600 வாங்கலாமா, அல்லது நிக்கான் பி1000 மாதிரி ஒரே கேமராவாக வாங்கிவிடலாமா? எண்பதாயிரம் வரை செலவு செய்யலாம். இன்னொன்று, போன வாரம் பழகிப் பார்க்கலாம் என்று வண்டலூர் போனோம், எடுத்ததில் பாதிக்கு மேல் மங்கல். புலி அசையாமல்தான் படுத்திருந்தது, ஆனாலும் முகம் தெளிவாக இல்லை. லென்ஸில் கோளாறா, கேமராவிலா?

கூழைக்கடா:
கேனன் ஆர்எஃப் 100-400 பாருங்கள். 635 கிராம்தான், கழுத்து வலிக்காது. கிட்டத்தட்ட உங்கள் பட்ஜெட்டிலேயே வரும். பி1000 வேண்டாம். 3000 மிமீ என்று பெட்டியில் போட்டிருப்பார்கள், ஆனால் உள்ளே ஒளியைப் பதிவு செய்யும் சென்சார் ரொம்பச் சின்னது. விடிகாலை வெளிச்சத்தில் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வரும்.

புல்வெளி:
ஆர்எஃப் லென்ஸ் 1500டி-யில் மாட்டவே மாட்டாது. அது உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களுக்கானது. அதை வாங்கினால் ஆர்10 மாதிரி ஒரு பாடியும் (லென்ஸ் இல்லாத கேமரா) சேர்த்து வாங்க வேண்டும், எண்பதாயிரம் அதற்குக் காணாது. பி1000 பற்றி நண்பர் சொன்னது சரி. அதோடு இன்னொன்றும் உண்டு: மாரா புல்வெளியில் காலை ஒன்பது, பத்து மணி ஆனாலே தரையிலிருந்து சூடு எழும்ப ஆரம்பிக்கும். இருநூறு முந்நூறு மீட்டருக்கு அப்பால் இருப்பது எல்லாம் கானல் நீர் மாதிரி நெளியும். அப்போது எந்த ஜூமும் உதவாது.

தம்பி, லென்ஸைப் பற்றிப் பேசும் முன் ஒரு கேள்வி. நீங்கள் தங்குவது அரசு ரிசர்வ் பகுதியிலா, பக்கத்தில் உள்ள கன்சர்வன்சி என்ற தனியார், சமூகப் பாதுகாப்புப் பகுதியிலா? யாரும் இதைக் கேட்பதே இல்லை, ஆனால் எந்த லென்ஸ் வேண்டும் என்பதை முடிவு செய்வதே இதுதான். ரிசர்வுக்குள் வண்டி பாதையை விட்டு இறங்கக்கூடாது. சிங்கம் பாதையிலிருந்து நூறு மீட்டர் தள்ளிப் படுத்திருந்தால் நூறு மீட்டர்தான், ஓட்டுநரைக் கெஞ்சிப் பயனில்லை, கெஞ்சவும் கூடாது. நபோய்ஷோ, ஓலாரே மோட்டோரோகி, மாரா நார்த் போன்ற கன்சர்வன்சிகளில் பாதையை விட்டு இறங்க அனுமதி உண்டு, வண்டிக் கூட்டமும் குறைவு. அங்கே விலங்கு பக்கத்திலேயே கிடைக்கும்.

இப்போது கணக்குப் பாருங்கள். உங்கள் கேமராவின் சென்சார் அகலம் 22.3 மிமீ. 250-இல் வைத்து 25 மீட்டர் தூரத்தில் இருப்பதை எடுத்தால் படத்துக்குள் அடங்கும் அகலம் இரண்டேகால் மீட்டர். ஒரு ஆண் சிங்கம் வாலை விட்டுவிட்டுப் பார்த்தால் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும், அதாவது படம் முழுக்கச் சிங்கம். ஆனால் அதே சிங்கம் நூறு மீட்டரில் இருந்தால் ஒன்பது மீட்டர் அகலத்தில் ஒரு ஓரமாகத் தெரியும். அங்கே 600 இருந்தால் மூன்றேமுக்கால் மீட்டருக்குள் கொண்டுவரலாம். ஆக 250 எதற்கும் பத்தாது என்பது தப்பு, எல்லாவற்றுக்கும் பத்தும் என்பதும் தப்பு. பறவைக்கு நிச்சயம் பத்தாது. அங்கே ஊதா மார்புப் பனங்காடை என்று ஒன்று உண்டு, ஏதாவது ஒரு குச்சியின் உச்சியில் தனியாக உட்கார்ந்திருக்கும், அவ்வளவு அழகு. 250-இல் எடுத்தால் வெறும் வண்ணப் பொட்டாகத்தான் வரும்.

மறுபக்கமும் இருக்கிறது. 150-600-ஐ மட்டும் மாட்டிக்கொண்டு போனால், 25 மீட்டரில் ஒரு கொம்பன் யானை வந்து நிற்கும்போது அதன் உயரம் படத்துக்குள் அடங்காது. லென்ஸைக் கழற்றி மாற்றலாம் என்றால் ஆகஸ்ட் புழுதி நேராகச் சென்சாரில் போய் உட்காரும்.

மஞ்சள்சிட்டு:
வண்டலூர் மங்கலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. படத்தின் விவரங்களைத் திறந்து ஷட்டர் வேகம் என்ன என்று பாருங்கள். ஆட்டோவில் விட்டிருந்தால் நிழலில் 1/125, 1/160 நொடி என்று இறங்கியிருக்கும். 250 மிமீ உங்கள் கேமராவின் சிறிய சென்சாரில் 400-க்குச் சமம், கையில் பிடித்து எடுக்க 1/500-ஆவது வேண்டும். லென்ஸில் ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், புலி தலையைத் திருப்புவதை நிறுத்தாது. அடுத்தது, ஒன்பது ஃபோகஸ் புள்ளிகளையும் கேமராவின் இஷ்டத்துக்கு விட்டிருந்தால் அது முன்னால் இருக்கும் கம்பியையோ புல்லையோதான் பிடிக்கும். நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக் கண்ணில் ஃபோகஸ் செய்யுங்கள், அந்தக் கேமராவில் உருப்படியான புள்ளி அதுதான். லென்ஸ் முன்னால் மலிவான யூவி ஃபில்டர் ஏதாவது மாட்டியிருக்கிறீர்களா? அதுவும் படத்தை மங்கலாக்கலாம்.

வேளச்சேரிவாசி:
அக்கா, பார்த்தேன். எல்லாம் 1/160, 1/200. ஃபோகஸ் புள்ளியைக் காட்டும் மென்பொருளில் பார்த்தால் பல படங்களில் கம்பி வேலியில்தான் விழுந்திருக்கிறது. ஃபில்டரும் இருந்தது, கழற்றிவிட்டேன். நேற்று மாலை பள்ளிக்கரணை போய் நீலத் தாழைக்கோழியை 1/1000, நடுப்புள்ளி என்று வைத்து எடுத்தேன், அலகில் ஒட்டியிருந்த சேறு வரைக்கும் தெரிகிறது. லென்ஸ் நல்லாத்தான் இருக்கிறது.

புல்வெளி அண்ணா கேட்டதற்கு: இரண்டு இரவு நபோய்ஷோவில், மூன்று இரவு ரிசர்வுக்குள். நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் போகிறோம்.

புல்வெளி:
சிறு விமானம் என்றால் கைப்பையும் சேர்த்து ஆளுக்குப் பதினைந்து கிலோதான் வழக்கம், அதுவும் மடங்கக்கூடிய துணிப்பையாக இருக்க வேண்டும், சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி ஏற்ற மாட்டார்கள். சிக்மா 150-600 கிட்டத்தட்ட இரண்டு கிலோ. ட்ரைபாட் வேண்டவே வேண்டாம், வண்டிக்குள் அதை விரிக்க இடமிருக்காது. ஒரு பீன்பேக் உறையைக் காலியாக எடுத்துப் போங்கள், நைரோபியில் இரண்டு மூன்று கிலோ அரிசியோ பீன்ஸோ வாங்கி நிரப்பி, வண்டியின் திறந்த கூரை விளிம்பில் வைத்தால் லென்ஸ் அசையாமல் உட்காரும். படம் எடுக்கும் முன் இஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். கூட இருப்பவர்கள் வண்டிக்குள் நகர்ந்தாலும் ஆட்டம் வரும், அதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

என் யோசனை, எதையும் வாங்காதீர்கள். வாடகைக்கு எடுங்கள். கேனன் இஎஃப் 100-400, இரண்டாவது பதிப்பு, சென்னையிலும் பெங்களூரிலும் வாடகைக்குக் கிடைக்கிறது. கூடவே 90டி மாதிரி ஒரு பாடி. அதில் 45 ஃபோகஸ் புள்ளி, நொடிக்குப் பத்துப் படம். உங்கள் 1500டி-யில் நொடிக்கு மூன்றுதான். வில்டபீஸ்ட் கரையிலிருந்து பாயும் அந்த ஒரு கணத்துக்கு இந்த வித்தியாசம் பெரியது. 400 அந்தப் பாடியில் 640-க்குச் சமம், ரிசர்வுக்கு அது போதும். 1500டி-யில் 55-250 மாட்டி மனைவியிடம் கொடுங்கள். ஆளுக்கு ஒரு கேமரா, லென்ஸ் மாற்றும் வேலையே இல்லை. ஆற்றங்கரையில் மட்டும் 18-55 தேவைப்படும், ஏனென்றால் ஆயிரக்கணக்கில் இறங்கும் கூட்டத்தை 100-இல் அடக்க முடியாது. அன்றைக்கு அதை முந்தின இரவு அறையிலேயே 1500டி-யில் மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

கூழைக்கடா:
வாடகைக்கு நானும் ஓட்டுப் போடுகிறேன். ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்வு அளவு, எவ்வளவு வரை போகலாம் என்றும் சொல்லிவிடுங்கள், புதிதாகப் போகிறவர்கள் அதைக் கண்டுதான் பயப்படுகிறார்கள்.

மஞ்சள்சிட்டு:
அங்கே பூமத்திய ரேகை பக்கம் என்பதால் வருடம் முழுக்கச் சூரியன் ஆறரை மணி வாக்கில்தான் வரும், ஆறரைக்கே மறையும், வந்ததும் கடகடவென்று மேலே ஏறிவிடும். சிங்கமும் சிறுத்தையும் நடமாடும் நேரம் அந்த மங்கிய அரை மணிதான். 3200, 6400 தயங்காமல் போங்கள். ரா-வில் (சுருக்காத மூலக் கோப்பாக) எடுத்தால் புள்ளிகளைப் பிற்பாடு லைட்ரூம் மென்பொருளில் நீக்கிக்கொள்ளலாம், ஆனால் கை ஆடி மங்கிய படத்தை யாராலும் மீட்க முடியாது. எம் (மேனுவல்) மோடில் ஷட்டரும் அப்பர்ச்சரும் (லென்ஸ் திறப்பு) நீங்கள் வையுங்கள், ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடுங்கள். படுத்திருக்கும் விலங்குக்கு 1/500, நடப்பதற்கு 1/1000, ஆற்றில் பாய்வதற்கு 1/2000.

அப்புறம் புழுதிக்காகப் பிளாஸ்டிக் கவரில் கேமராவைச் சுற்றி எடுத்துப் போகாதீர்கள். 2017-லிருந்து கென்யாவில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. ஒரு பழைய தலையணை உறை போதும்.

வேளச்சேரிவாசி:
ரொம்ப நன்றி, 100-400-உம் 90டி-யும் வாடகைக்குச் சொல்லிவிட்டேன். மிச்சப் பணத்தில் நபோய்ஷோவில் ஒரு இரவு கூட்ட முடியுமா என்று ஏஜெண்டிடம் கேட்டிருக்கிறேன். வாடகைப் பொருளை வெளிநாடு கொண்டுபோவதில் ஏதாவது சிக்கல் உண்டா?

புல்வெளி:
கடைக்காரரிடம் வெளிநாட்டுப் பயணம் என்று முதலிலேயே சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். சீரியல் எண் போட்ட ரசீது கையில் இருக்கட்டும். கிளம்பும் விமான நிலையத்திலேயே கஸ்டம்ஸில் பொருளைக் காட்டி எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்கிவிடுங்கள், திரும்பி வரும்போது புதிதாக வாங்கி வந்ததாக நினைத்து வரி கேட்க மாட்டார்கள். அந்த கவுன்டரில் நேரம் ஆகலாம், சீக்கிரம் போங்கள். பேட்டரி எல்லாம் கைப்பையில்தான். 90டி-க்கும் 1500டி-க்கும் பேட்டரி வேறு வேறு, சார்ஜரும் இரண்டு வேண்டும். அங்கே சாக்கெட் சதுர மூன்று முள், அடாப்டர் இங்கேயே வாங்குங்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா? கென்யாவிலிருந்து திரும்பும்போது இங்கே அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள், ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு இந்த மாதமே போய்விடுங்கள்.